பூனையைக் கழித்த பிறகு

1

ஃபோஸாவைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் வாக்கியத்திலேயே பூனை வந்துவிடுகிறது. பூனை போன்ற விலங்கு. சின்ன பூமாவைப் போன்ற விலங்கு. பூனை உடம்பும் நாய் மூஞ்சியும் கொண்ட விலங்கு. மடகாஸ்கர் என்பதும் கீரியோடு உறவு என்பதும் பிறகுதான் வருகின்றன. அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. வாசகன் மனத்தில் ஒரு பூனை உட்கார்ந்துவிட்டது. இனிமேல் சொல்லப்படுவதெல்லாம் அந்தப் பூனைக்குச் செய்கிற ஒட்டுவேலைதான்: வாலைக் கொஞ்சம் நீட்டு, காலைக் கொஞ்சம் குறை, மயிரைச் சிவப்பாக்கு. ஒட்டுவேலை முடிந்த பின்னும் உட்கார்ந்திருப்பது பூனையேதான்.

இந்தப் 'போன்ற' என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. நம்முடைய விமர்சனம் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறது. புதிதாக ஒருவன் எழுத வந்தால் அவன் யாரைப் போல எழுதுகிறான் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். மேற்கில் ஒரு பெயர் கிடைத்துவிட்டால் இன்னும் விசேஷம். பெயரைச் சொன்ன கையோடு படிப்பு முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட ஒப்பீடு தப்பு என்று யாரும் நிரூபிக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள சௌகரியம். ஆளுக்கொரு அபிப்பிராயம் என்று சொல்லிக் கலைந்துவிடலாம்.

ஃபோஸா விஷயத்தில் அப்படிக் கலைந்துவிட முடியாது. இங்கே தப்பு தப்பென்று ருசுவாகியிருக்கிறது. 170 வருஷம் படித்தவர்களே மாறி மாறி வாசித்து, மாறி மாறி வைத்து, கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்திருக்கிறார்கள். ஒப்பீடு எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதைக் கறாராகப் பார்க்க இவ்வளவு நல்ல பிரதி இலக்கியத்தில்கூடக் கிடைப்பது கஷ்டம்.

2

முதலில் பிரதி. மடகாஸ்கர் தீவுக்கே உரிய, இன்று உயிரோடிருக்கும் ஊனுண்ணிகளில் ஃபோஸாதான் பெரியது. பெரியது என்றாலும் எடை ஆறிலிருந்து எட்டு கிலோ அளவில் நின்றுவிடும். உடம்பு 70 - 80 சென்டிமீட்டர். வாலும் அநேகமாக அவ்வளவே. குட்டையான செம்பழுப்பு மயிர், சிறிய தலை, குறுகிய முகம், வட்டமான காதுகள். நகங்களைப் பாதி உள்ளே இழுத்துக்கொள்ளும். பல்வரிசை இறைச்சி வெட்டுவதற்கென்றே ஏற்பட்டது. இரையில் பாதிக்கு மேல் லெமூர்கள். அது போக டென்ரெக், எலி, பறவை, பல்லி. பகல் இரவு என்று பாராமல் வேட்டையாடும்.

1833-ல் லண்டனில் எட்வர்ட் டர்னர் பென்னட் இதை முதன்முதலில் வர்ணித்துப் பெயரிட்டார். அவர் பார்த்தது மடகாஸ்கரிலிருந்து கிடைத்து சார்ல்ஸ் டெல்ஃபேர் அனுப்பிவைத்த மாதிரி. க்ரிப்டோப்ரொக்டா ஃபெராக்ஸ் என்று பெயர் வைத்தார். முதல் பகுதிக்கு மறைந்த குதம் என்று அர்த்தம். குதத்தை ஒரு தோல்பை மூடியிருப்பதால். இரண்டாவதற்கு மூர்க்கமானது என்று அர்த்தம். பெயரில் பூனை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புனுகுப்பூனைக் குடும்பத்தில் இதை வைத்தார் அவர். அந்தக் காலத்தில் கீரிகளும் அதே குடும்பத்தில்தான் இருந்தன.

பிறகு வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகப் படித்தார்கள். மண்டையோட்டை அளந்தார்கள், கண்குழியின் அகலத்தையும் பல்லின் வெட்டையும் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கப் பூனை கூடிக்கொண்டே வந்தது. 1939-ல் வில்லியம் கிங் கிரிகரியும் மைலோ ஹெல்மனும் ஃபோஸாவைப் பூனைக் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுபோய் அதற்கென்று ஒரு துணைக்குடும்பம் ஒதுக்கினார்கள். 1945-ல் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்ஸன் அதை மறுபடியும் புனுகுப்பூனைகளிடம் திருப்பி அனுப்பினார். பூனைக் குணங்கள் நிறைய உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அங்கேயும் தனி அறைதான் கொடுத்தார். பாங்கில் வேலை செய்கிறவனுக்கு இது பரிச்சயமான ஏற்பாடு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். ஐந்தொகை சரியாகிவிடும், தொகை யாருடையது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கும்.

கேள்விக்குப் பதில் உடம்பின் வெளியிலிருந்து வரவில்லை. 1993-ல் ஒரு டி.என்.ஏ. ஆய்வு கீரிகளின் பக்கம் கைகாட்டியது. 2003-ல் ஆன் யோடரும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு விஷயத்தைத் தீர்த்துவைத்தது. ஃபோஸா மட்டுமல்ல, மடகாஸ்கருக்கே உரிய ஊனுண்ணிகள் அத்தனையும் ஒரே மூதாதையின் வம்சம். அந்த மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1.8 கோடியிலிருந்து 2.4 கோடி வருஷங்களுக்கு முன் கடலைத் தாண்டி வந்தது. இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் கீரிகள். பூனை இந்தக் கிளைகளுக்கெல்லாம் அப்பால் ஒரு தூரத்துப் பங்காளி, அவ்வளவுதான்.

முதல் வாசகர் ஏறக்குறையச் சரியான இடத்தில் வைத்ததை, கூடுதலாகப் படித்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்பது சுவாரஸ்யமான விஷயம். அவர்கள் அசிரத்தையாகப் படித்ததாகச் சொல்ல முடியாது. மண்டையோடு அவர்கள் சொன்ன மாதிரிதான் இருக்கிறது, பல்லும் அப்படியே. கண்டது நிஜம். கண்டதிலிருந்து உறவுக்குத் தாவியதுதான் தப்பு.

3

இந்தத் தாவலைப் பற்றித் தமிழில் யோசிக்க நமக்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல் உவமைக்கு நான்கு வகைகளைச் சொல்கிறது: செயல், பயன், வடிவம், நிறம். ஒன்று மற்றொன்றைப் போல இருக்கிறது என்றால் இந்த நான்கில் ஏதோ ஒன்றிலோ பலவற்றிலோதான் அப்படி இருக்க முடியும். பட்டியலில் இல்லாத ஒன்று உண்டு: பிறப்பு. ஒன்றுபோல் இருப்பதால் ஒரு வயிற்றில் பிறந்தவை என்று சொல்ல உவமைக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

ஃபோஸா பூனையோடு செயலில் ஒத்திருக்கிறது, வடிவத்திலும் ஒத்திருக்கிறது. வடிவம் ஒத்திருப்பதற்கே செயல் ஒத்திருப்பதுதான் காரணம். மரத்தில் தாவுகிற, கையும் மூளையும் உள்ள இரையைப் பதுங்கிப் பிடித்துக் கொல்ல வேண்டுமென்றால் பிடிக்கும் நகமும், நேராகப் பார்க்கும் கண்ணும், வெட்டும் பல்லும் வேண்டும். பூனை வராத தீவில் கீரியின் பங்காளி ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வேலை தனக்கு வேண்டிய உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை.

இதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தால் 'பாதிப்பு' என்று நாம் தாராளமாக வழங்குகிற சர்டிபிகேட்டுகளில் பாதி செல்லாமல் போகும். இரண்டு மொழிகளில் இரண்டு பேர் தனிமையையோ அதிகாரத்தையோ எதிர்கொண்டு எழுதும்போது வாக்கியம் ஒரே மாதிரி இறுகக்கூடும். ஒருவன் மற்றவனைப் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தீர்மானிக்க முடியாது. ஒற்றுமை நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இருவரும் ஒரே ஜாதி வேலையில் இறங்கியிருக்கிறார்கள். மௌனியைத் திருமூலரோடு சேர்த்துப் பேசினாரே புதுமைப்பித்தன், அது இந்தச் சரியான அர்த்தத்தில் உவமை. அவர் வம்சாவளி எழுதவில்லை. சொல்லுக்குள் அடக்கிவைக்கிற ஒரு காரியத்தைச் சுட்டிக்காட்டினார்.

உவமவியல் இன்னொன்றும் சொல்கிறது: உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும். இந்த விதியில் ஒரு அபாயமும் ஒளிந்திருக்கிறது. எதை அளவுகோலாக வைக்கிறோமோ அது உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அளக்கப்படுவது கீழே நிற்கிறது. 'பூனை போன்றது' என்றதும் பூனை பூரணமாகிவிடுகிறது, ஃபோஸா கொஞ்சம் பிசகிப்போன பூனையாகிவிடுகிறது. நகம் 'பாதிதான்' உள்ளே போகிறது என்கிறோம். யாருடைய நகத்தில் பாதி? ஃபோஸாவுக்கு அது முழு நகம்.

4

ஒற்றுமையைக் கண்டால் உறவு கட்டிவிடுகிற ஆசை வெள்ளைக்கார விலங்கியலாருக்கு மட்டும் சொந்தமல்ல. இந்த விலங்கையே சாக்காக வைத்துத் தமிழர்களுக்கு இரண்டு கண்ணிகள் தயாராக இருக்கின்றன.

முதலாவது பெயர். மலகாஸி மொழியில் எழுதும்போது 'ஃபோஸ' என்று எழுதினாலும் அந்த மொழியின் ஓகாரம் ஊகாரமாக ஒலிக்கும். காதில் விழுவது 'ஃபூஸ' என்பதற்கு நெருக்கமாக இருக்கும். பழந்தமிழில் பூனைக்குப் பூசை என்று பெயர். கம்பன் தன் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையை அந்தப் பெயரால்தான் சொல்கிறான். ஃபூஸ - பூசை! ஒரு வாரத்தில் நம்மில் யாராவது இதை வைத்து ஒரு புத்தகமே எழுதிவிடலாம்.

ஆனால் மலகாஸியின் உறவு எங்கே என்பது தெரிந்த விஷயம். அது ஆஸ்த்ரோனேஷியக் குடும்பத்து மொழி. போர்னியோத் தீவின் மாஅன்யான் மொழிக்கு நெருங்கியது என்பதை 1951-ல் ஓட்டோ தால் விளக்கிக்காட்டினார். ஒரு சொல் ஒரு சொல்லைப் போல ஒலிக்கிறது என்று அவர் காட்டவில்லை. சொல்வரிசைகள், ஒலிகள் விதிப்படி மாறியிருக்கும் முறை, இலக்கண அமைப்பு என்று காட்டினார். போர்னியோவின் இபான் மொழியில் பூனைக்கு 'போஸ' என்று ஒரு சொல் உண்டு. ஃபோஸாவின் பெயர் அதோடு தொடர்புடையது என்று சிலர் கருதுகிறார்கள். மலாய் மொழியில் வேறொரு சிறு ஊனுண்ணியின் பெயரோடு இணைப்பவர்களும் உண்டு. முதல் கருத்து சரியென்றால் கடல் தாண்டி வந்து குடியேறியவர்களும் புதிய விலங்கைப் பார்த்ததும் பழைய பூனையின் பெயரையே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றாகும். நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம். ஒரே குடும்பத்து விலங்குகளில் ஒன்றைப் புனுகுப்பூனை என்கிறோம், மற்றொன்றை மரநாய் என்கிறோம். அது பூனையும் அல்ல, இது நாயும் அல்ல. பேச்சுக்கு இது போதும். பேச்சில் பெயர் கூப்பிடத்தான். விமர்சனத்தில் பெயர் அறிவதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் வினை.

இரண்டாவது கண்ணி இன்னும் பெரியது. அதில் ஒரு கண்டமே விழுந்திருக்கிறது. ஃபோஸாவின் இரையான லெமூர்களுக்கு உறவான தேவாங்கு நம் காடுகளில் இருக்கிறது. நடுவில் அவ்வளவு பெரிய கடல். இதை விளக்க 1864-ல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் மூழ்கிப்போன ஒரு நிலத்தைக் கற்பனை செய்து லெமூரியா என்று பெயர் வைத்தார். அது அந்தக் காலத்து விஞ்ஞானத்தில் நியாயமான ஊகம்தான். நாம் அதை வாங்கிக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துத் தைத்து, நம் முன்னோர்களை அதில் குடியேற்றினோம். நிலத்தட்டுகள் நகர்வது தெரியவந்த பிறகு விஞ்ஞானம் தன் ஊகத்தைக் கைகழுவிவிட்டது, நாம் கைகழுவவில்லை.

இதில் வேடிக்கை, நிலத்துக்கு நிலம் உறவு நிஜமாகவே இருந்தது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து, சுமார் 8.8 கோடி வருஷங்களுக்கு முன் பிரிந்தவை. ஆனால் ஃபோஸாவின் மூதாதை தீவில் கால்வைத்தது அதற்கு ஆறு கோடி வருஷத்துக்கும் மேல் கழித்து. அதுவும் இந்தியாவிலிருந்து அல்ல, குறைந்தபட்சம் 400 கிலோமீட்டர் அகலமுள்ள மொஸாம்பிக் கால்வாயைத் தாண்டி ஆப்பிரிக்காவிலிருந்து. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரம் செடித் திட்டுகளில் மிதந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பெரிய கண்டம், பெரிய பாலம், பெரிய மரபு என்று எதுவும் தேவைப்படவில்லை. தப்பிப் பிழைத்து வந்த ஒரு சிறு உயிரும் நிறையக் காலமும் போதுமாக இருந்தது. தமிழில் நவீன கவிதை எந்த மரபின் பாலத்தின் மேல் நடந்து வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

5

ஃபோஸாவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் அது ஒரே ஒரு வழியில் தெரிந்திருக்கும்: 2005-ல் வந்த 'மடகாஸ்கர்' என்ற கார்ட்டூன் படம். அதில் நியூயார்க் மிருகக்காட்சிசாலையிலிருந்து வரும் சிங்கம் கதாநாயகன். ஃபோஸாக்கள் பெயரில்லாத ஒரு கூட்டம். மொத்தமாக வந்து லெமூர்களைத் துரத்திவிட்டு மொத்தமாகப் போகும். கார்ட்டூனிடம் விலங்கியல் கேட்பது அபத்தம். ஆனால் அமைப்பைப் பார்க்கலாம். அசல் பூனைக் குடும்பத்து ஜீவனுக்குப் பெயர், மனச்சாட்சி, பசியோடு ஒரு போராட்டம். தீவின் சொந்த வேட்டைக்காரனுக்குப் பசி மட்டும். அளவுகோலை எங்கே நட்டார்களோ அங்கேதான் மனசும் நிற்கிறது. நிஜத்தில் ஃபோஸா பெரும்பாலும் தனியாகத் திரிவது. கிரிந்திக் காட்டில் மூன்று ஆண் ஃபோஸாக்கள் சேர்ந்து ஒரு சிஃபாகா லெமூரை வேட்டையாடியதை 2010-ல் ஆய்வாளர்கள் பிரசுரித்தபோது, தலைப்பிலேயே அசாதாரணம் என்று சொல்லித்தான் பிரசுரித்தார்கள்.

அசல் பூனையும் இப்போது அந்தத் தீவின் காடுகளில் இருக்கிறது. உடம்பில் வரிகளோடு, நாட்டுப்பூனையைவிடப் பெரிதாக, காட்டுக்கே பிறந்தது போலத் திரிகிறது. 2020-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, இவை அரபிக்கடல் பகுதி வீட்டுப்பூனைகளின் வம்சம், வியாபாரக் கப்பல்களில் வந்திறங்கியவை என்று காட்டியது. ஆக, தீவின் பூர்வீகப் 'பூனை' பூனையல்ல. காட்டுப்பூனையாகத் தெரிவது, கப்பலில் வந்த வீட்டுப்பூனை. தோற்றத்தை வைத்து யார் மண்ணின் மைந்தர் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு விலங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

6

அப்படியானால் ஒப்பீட்டையே விட்டுவிடலாமா? விட முடியாது. தெரியாததைத் தெரிந்ததன் மூலமாகத்தான் அணுக முடியும். மொழி அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பீடு விமர்சனத்தின் தொடக்கம், முடிவல்ல. பூனையைச் சொல்லுங்கள், பிறகு பூனையைக் கழியுங்கள். மிஞ்சுவது என்ன என்பதிலிருந்துதான் படிப்பு ஆரம்பிக்கிறது.

ஃபோஸாவில் நிறைய மிஞ்சுகிறது. வீட்டுப்பூனை மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வரும். ஃபோஸா கணுக்காலைத் திருப்பி மரத்தைப் பற்றிக்கொண்டு தலைகீழாக இறங்கிவரும். பூனை விரல்நுனியில் நடக்கும். ஃபோஸா மரத்தில் உள்ளங்காலை ஊன்றும், தரையில் விரலுக்கு மாறிக்கொள்ளும். இணைசேரும் பருவத்தில் பெண் ஒரு மரக்கிளையில் போய் இருந்துகொள்ளும். ஆண்கள் கீழே கூடிக் கத்திக்கொண்டு நிற்கும். ஏறவிடுவது பெண்ணின் தீர்மானம். சில நாட்களில் அது இறங்கிப்போக வேறொரு பெண் அதே கிளைக்கு வரும்; வருஷா வருஷம் அதே மரம். இன்னும் விசித்திரம், இளம் பெண் ஃபோஸாவின் உறுப்பு ஒரு பருவத்தில் நீண்டு முள் முளைத்து ஆணுறுப்பைப் போலவே ஆகிவிடும். வளர்ந்ததும் அந்தத் தோற்றம் மறைந்துவிடும். ஏன் என்பதற்கு விளக்கங்கள் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது, 'போல' என்பது இந்த விலங்கின் உடம்பிலேயே வந்துவிட்டுப் போகிற ஒரு பருவம் என்பதுதான். இளம் வயதில் யாரைப் போலவாவது இருந்துவிட்டு, பிறகு தானாகிவிடுவது எழுத்தாளர்களிலும் நடப்பதுண்டு. நாம் அந்தப் பருவத்திலேயே பெயர் சூட்டிவிட்டு, பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். அல்ல. 1953-க்கும் 2014-க்கும் நடுவில் மடகாஸ்கர் தன் இயற்கைக் காடுகளில் ஏறக்குறைய 44 சதவீதத்தை இழந்தது. ஃபோஸா காட்டை விட்டால் வாழாது. கோழி திருடுகிறது என்று கிராமங்களில் அதைக் கொல்கிறார்கள். சில இடங்களில் தின்கிறார்கள். வேறு சில இடங்களில் முன்னோர்களின் விலக்கு இருப்பதால் தொடாமல் விடுகிறார்கள். சர்வதேசப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 2008-லிருந்து அது அழியும் அபாயமுள்ள இனம். உலகத்தில் பூனைக் குடும்பத்து இனங்கள் நாற்பது அளவில் இருக்கின்றன. ஃபோஸாவைப் பூனை மாதிரி ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாற்பதோடு சேர்ந்த ஒன்றின் நஷ்டம் அது. வருத்தப்பட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். அதை அதுவாகப் பார்த்தால், ஒரு கீரியின் பங்காளி தனித் தீவில் இரண்டு கோடி வருஷம் உட்கார்ந்து எழுதிய ஒரே பிரதி அது. வேறு நகல் கிடையாது. 'போல' என்ற சொல் இழப்பையும் மலிவாக்கிவிடுகிறது. மொழியில் நடக்கிற சோம்பல் மொழியோடு நிற்பதில்லை.

ஒரு நகல் கிடையாது என்றேன். ஒரு காலத்தில் இருந்தது. க்ரிப்டோப்ரொக்டா ஸ்பெலியா என்று 1902-ல் பெயரிடப்பட்ட, இதைவிடப் பெரிய ஃபோஸா ஒன்று அந்தத் தீவில் இருந்திருக்கிறது. எலும்புகள் மட்டும் கிடைத்திருக்கின்றன. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஃபோஸாவைப் போன்றது, ஆனால் பெரியது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது மரத்திலிருந்து எப்படி இறங்கியது, எந்தக் கிளையில் காத்திருந்தது என்பதைப் பார்த்தவர் எழுதிவைக்கவில்லை. கழித்துப் பார்க்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை. 'போல' மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உயிரோடு இருப்பதையும் அதே சொல்லால் முடித்துவிடுகிற விமர்சகன், எலும்பைப் படிப்பதற்கு மட்டும்தான் பழகியிருக்கிறான்.